கலை முழக்கம், முதல் லாட்டு

வரலாற்றை மாற்றிய முடிவுகள் எல்லாம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் எடுக்கப்பட்டிருக்கின்றன. போடிநாயக்கனூரில் ஒரு கல்லூரியின் கலை மன்றத்தில் அப்படியொரு முடிவு உருவாகிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், மேசைக்கு மூன்று கால்கள்தான் இருந்தன. நான்காவது கால், துணைச் செயலாளர் மலைச்சாமியின் முழங்கால். அவன் அசைந்தால் எல்லார் தேநீரும் கொட்டும். அதனால் அவனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. எழுந்திருக்காமல் இருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

“டிக்கெட்ட எப்பிடி விக்கிறது? அதான் இப்ப கேள்வி,” என்றான் செயலாளர் ஈஸ்வரன், நாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவனைப் போல.

“கேட்டுல ஒரு மேசையப் போடு. நான் உக்காந்து விக்கிறேன். சோலி முடிஞ்சுச்சு,” என்றாள் பொருளாளர் சுஜிதா.

“எந்த மேசைய?” என்று கீழிருந்து மலைச்சாமி கவலையோடு கேட்டான்.

ஈஸ்வரனுக்கு இது விளையாட்டு இல்லை. போன வருடம் ‘கலை முழக்கம்’ என்ற மன்றத்தின் கலை விழாவுக்கு அனுமதி இலவசம். அதனாலேயே ஒருவரும் வரவில்லை. சிறப்பு விருந்தினர் காலி நாற்காலிகளைப் பார்த்து, “கடலெனத் திரண்டிருக்கும் இளைஞர்களே” என்று ஆரம்பித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றிவிட்டுத்தான் பேசி முடித்தார். அன்றே முதல்வர் அறிவித்துவிட்டார்: “அடுத்த ஆண்டு அரங்கம் நிறையவில்லையெனில் இம்மன்றம் கலைக்கப்படும். இவ்வறையில் உடைந்த பெஞ்சுகள் அடுக்கப்படும்.”

அறையின் சுவரில் இதுவரை இருந்த செயலாளர்களின் பெயர்ப் பலகை தொங்கியது. கடைசிப் பெயர் ஈஸ்வரன். அதற்குக் கீழே நிறைய இடம் காலியாக இருந்தது. மன்றத்தைக் கொன்றவன் என்ற பட்டத்தோடு அந்தக் காலியிடத்துக்கு மேலே தொங்கப்போகிறோம் என்று நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ராசிங்காபுரத்தில் அவன் வீட்டில் இதற்கு முன் யாரும் எதற்கும் செயலாளராக இருந்ததில்லை. “எம்மகன் செயலாளராயிட்டான்” என்று அவன் அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்ததில், பஞ்சாயத்துச் செயலாளர் என்று நினைத்துக் குழாய் இணைப்புக்கு மனுவோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அவன் அதையும் வாங்கி வைத்திருந்தான்.

ஈஸ்வரன் எழுந்து சன்னலருகே போனான். வெளியே மலை நின்றது. உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது.

“அந்த மலையப் பாரு சுஜிதா.”

“தெனம் பாத்துக்கிட்டுதான இருக்கேன்.”

“அங்க வெளையிற ஏலக்காய்க்கு யாரு வெல சொல்றா? வெளைய வைக்கிற சம்சாரியா? இல்ல. யாவாரியா? இல்ல. ஏலம் சொல்லுது! டிக்கெட்டுக்கு வெலைய நாம சொன்னா கூடுதல்ம்பான். சும்மா குடுத்தா குப்பைம்பான். நம்ம ஊர்ல ஏலத்துல வந்த பொருளத்தான் பொருள்னு மதிப்பாய்ங்க. டிக்கெட்ட ஏலம் விடுவோம்!”

அந்தச் சிந்தனையின் பிரம்மாண்டம் மலைச்சாமியைத் தாக்கியது. “மாப்ளே!” என்று அவன் தன்னை மறந்து எழுந்தான்.

சிந்திய தேநீரைத் துடைத்துக்கொண்டிருந்ததால் சுஜிதாவால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. முடிவு ஏகமனதாக நிறைவேறியது.

ஏலம் கல்லூரி மைதானத்தில், பூவரச மரத்தடியில் நடந்தது. டிக்கெட்டுகளை ஏலக்காய்ப் பச்சையில் அச்சடித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, லாட்டு லாட்டாக அடுக்கியிருந்தார்கள். வகுப்பு இல்லாத மாணவர்கள் கூடியிருந்தார்கள். ஈஸ்வரன் ஒரு சுத்தியலோடு ஏறி நின்றான்.

“கலை முழக்கம்! முதல் லாட்டு! யாரு கேக்குறா?”

யாரும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து ஒருவன் கை தூக்கினான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

“இதோட கேன்டீன் டோக்கனும் சேத்துக் குடுப்பியளா?”

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. சுஜிதா விற்காத கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஈஸ்வரன் கையிலேயே அடுக்கினாள்.

“கவலப்படாத மாப்ளே,” என்றான் மலைச்சாமி. “எங்க வீரணன் மாமாவக் கூட்டியாறேன். ஏலக்கா யாவாரத்துல அவரு பெரிய கை. அவரு ஒரு தடவ தலைய ஆட்டினாப் போதும், பஜாரே ஆட்டும்.”

மறுநாள் வீரணன் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, எதற்கும் அசையாத முகம். அவர் பின்னால் இன்னும் பல வெள்ளைச் சட்டைகள் வந்தன.

“நீ எங்கய்யா இங்கிட்டு?” என்று அவர்களில் ஒருவரை வீரணன் கேட்டார்.

“நீங்க எதுக்குண்ணே வந்தீக?”

“நான் எதுக்கோ வந்தேன். நீ எதுக்கு வந்தே?”

“நீங்க வந்தீகளேன்னுதான்.”

இப்படியே கடைவீதியில் பாதி வந்து பூவரச மரத்தடியில் நின்றது. ஈஸ்வரன் சுத்தியலைத் தூக்கினான். வீரணன் உள்ளங்கையை நீட்டினார்.

“சாம்பிளக் கொண்டா.”

ஈஸ்வரன் சுத்தியலைக் கீழே வைத்தான். நியாயம்தான். சாம்பிள் பார்க்காமல் போடியில் எவன் காய் வாங்கியிருக்கிறான்? கையில் கொட்டி, நிறம் பார்த்து, ஒன்றை உடைத்து வாயில் போட்ட பிறகுதானே விலை கேட்பார்கள்? “வெரசா ஆட்டக்காரங்களக் கூட்டியா!” என்று மலைச்சாமியை விரட்டினான். வகுப்பிலிருந்து இழுத்து வரப்பட்ட கரகாட்டக் குழு, கரகத்துக்குப் பதில் கேன்டீன் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. வியாபாரிகள் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள்.

“போதும்,” என்றார் வீரணன். “இது மேலாப்புல உள்ளது. மேல நல்லதத்தான் வச்சிருப்பீக. மூடையில நடுவுல கைய விட்டு ஒரு பிடி எடு பாப்போம்.”

அதனால் நாடகத்தின் நடுப்பகுதி நடித்துக் காட்டப்பட்டது. கதாநாயகன் எதற்காகச் செத்துக் கிடந்தான், அவன் மேல் விழுந்து அழுதவள் யார், போலீஸ்காரர் ஏன் ஆட்டுக்குட்டியோடு வந்தார் என்பதெல்லாம் யாருக்கும் விளங்கவில்லை. வீரணன் மட்டும் வாயில் எதையோ மென்று பார்ப்பவரைப் போலத் தாடையை அசைத்தார்.

“நெறம் இருக்கு. மணம் பத்தாது. உள்ள ஒண்ணுமில்லாத பொக்கு கம்மி. கேக்கலாம்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். ஈஸ்வரன் ஐம்பது ரூபாயில் ஆரம்பித்தான். ஒருவர் விரலைத் தூக்கினார். ஒருவர் புருவத்தைத் தூக்கினார். வீரணன் எதையும் தூக்கவில்லை. ஆனால் விலை ஏறியது. மூக்கைச் சொறிந்த ஒருவர் தலையில் ஒரு லாட்டு விழுந்தது. அவரும் மறுக்கவில்லை. அடுத்தவர் முகத்தில் பொறாமையைப் பார்த்துவிட்டார். கடைசிச் சுத்தியல் அடி விழுந்தபோது ஒரு டிக்கெட்டின் விலைக்கு ஒரு குடும்பமே மதுரைக்குப் போய்ச் சினிமா பார்த்து, பிரியாணி தின்று, திரும்பி வரலாம். கட்டு ஒன்றுகூட மிச்சமில்லை.

மைதானம் மூச்சுவிட மறந்து நின்றது. எதற்கும் வியக்காத சுஜிதாவே வாயைத் திறந்தவள் மூடவில்லை. சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த முதல்வர், “கலைமகளும் அலைமகளும் கைகோத்த நாள்!” என்று சுவரில் எழுதத்தக்க ஒரு வாக்கியத்தைச் சொன்னார். எழுத ஆள்தான் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் ஈஸ்வரன் தரையில் நடக்கவில்லை. மூன்றாம் நாள் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வந்து அவனைத் தரையில் இறக்கினாள்.

“அண்ணே, டிக்கெட்டு எங்க கெடைக்கும்?”

“பஜார்ல.”

“பஜார்ல குடுக்க மாட்டேங்கிறாகளே.”

அவன் வீரணன் கடைக்கு ஓடினான். நண்பனுக்கு மாமா என்பதால் அவனுக்கும் மாமா. சரக்கு வைக்கும் கிட்டங்கியில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே, பச்சை மங்காதபடி கறுப்புப் பாலித்தீன் உறை போட்ட சாக்கில் டிக்கெட்டுகள் பத்திரமாகக் கட்டப்பட்டிருந்தன.

“மாமா, இத எப்ப விப்பீக?”

“இப்பவா? ஏறிக்கிட்டு இருக்குப்பா. ஏறுறப்ப எவனாச்சும் விப்பானா?”

“எறங்கிட்டா?”

“எறங்குறப்ப எவனாச்சும் விப்பானா?”

“அப்ப எப்பத்தான் மாமா விப்பீக?”

வீரணன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “படிக்கிற பய. யாவாரம் தெரியல.”

ஈஸ்வரன் வெளியே வந்து கடைவீதியில் நின்றான். எல்லா டிக்கெட்டும் விற்றாகிவிட்டது. விழா நாளில் அரங்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். டிக்கெட்டெல்லாம் சாக்குக்குள் உட்கார்ந்திருக்கும். போன வருடமாவது இலவசமாகக் காலியாக இருந்தது. இந்த வருடம் ஹவுஸ்ஃபுல்லாகக் காலியாக இருக்கும்.

“புது வரத்து எறக்குவோம்,” என்றான் மன்றத்தில். “வரத்து கூடினா வெல சரியும். பதுக்கினவன் பதறி வெளிய விடுவான். பால்கனி டிக்கெட்டு அடி!”

“நம்ம அரங்கத்துல பால்கனி ஏதுடா?” என்றாள் சுஜிதா.

“சரி, நிக்கிற டிக்கெட்டு அடி.”

நிற்கும் டிக்கெட் ஏலத்துக்கு வந்தது. தான் வாங்காவிட்டால் அடுத்தவன் வாங்கிவிடுவான் என்ற பயத்தில் வியாபாரிகள் அதையும் மொத்தமாக அள்ளினார்கள். விலை சரியவில்லை. “நிக்கிறதுக்கே இம்புட்டுன்னா உக்கார்றதுக்கு எம்புட்டு இருக்கும்?” என்று கடைவீதி கணக்குப் போட்டது. சாக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பெருத்தது.

கடைசியில் ஈஸ்வரன் வீரணனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். “மாமா, மூடையா வச்சிருந்தா எலி கடிக்கும். சில்லறையாப் பிரிச்சு விடுங்க. ஊரு பூராம் பரவட்டும். ஆளுக்கு ஒண்ணு, ரெண்டு. எனக்கு அரங்கம் நெறைஞ்சாப் போதும்.”

“சில்லறையாவா?” வீரணன் யோசித்தார். கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் என்ன தெரிந்ததோ, முதல் முறையாக அவர் முகம் மலர்ந்தது. “சில்லறையில லாபம் உண்டுய்யா.”

அந்த வாரம் போடிநாயக்கனூர் கண்டது ஒரு கலைப் புரட்சி. வேறு சொல் இல்லை. சாக்குகள் அவிழ்ந்தன. பெட்டிக்கடையில் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் டிக்கெட் தொங்கியது. முடிவெட்டும் கடையில் கண்ணாடி ஓரத்தில் செருகியிருந்தது. பக்கத்துக் கிராமமான சிலமலையில் ஒரு நிச்சயதார்த்தத் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு நான்கு டிக்கெட் வைத்தார்களாம். மாப்பிள்ளை வீட்டார் ஆறாகக் கேட்டார்களாம். கல்லூரி மாணவர்களும் மாதக்கணக்கில் கைச்செலவுக்குச் சேர்த்து வைத்திருந்ததைப் போட்டு ஆளுக்கு ஒன்றிரண்டு வாங்கினார்கள். கேன்டீன் டோக்கன் கேட்டவன் மூன்று வாங்கினான்.

நம்ப முடியாமல் ஈஸ்வரன் ஒரு சனிக்கிழமை காலை டிரைவர் சுருளியின் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலை உச்சியிலிருக்கும் போடிமெட்டுக்குப் போனான். உள்ளே ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். ஜீப்பு வளைவில் திரும்பும்போதெல்லாம் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். பேச்சு மட்டும் சாயவில்லை.

“ஒங்கிட்ட எத்தன இருக்கு?”

“ரெண்டு. எங்க மதினி அஞ்சு வச்சிருக்கா, பகட்டுக்காரி.”

சுருளி ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே சொன்னான். “அடிவாரத்துல, முந்தல்ல ஏறுறப்ப ஒரு வெல தம்பி, மெட்டுல எறங்குறப்ப ஒரு வெல. ஒவ்வொரு வளைவுக்கும் ஏறுது. அங்கிட்டு கேரளாவுல பூப்பாறைக்காரன், ‘சுருளிச் சேட்டா, டிக்கெட் உண்டோ’ன்னு போன்ல உசுர எடுக்குறான்.”

“நிகழ்ச்சிக்கு வருவீங்களாக்கா?” என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஈஸ்வரன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“வராம? ஒரு நாக் கூலி போனாலும் வருவோம். அன்னைக்கு அம்புட்டுப் பேரும் அங்கதான்.”

மெட்டில் இறங்கி அவன் கீழே பார்த்தான். மஞ்சு மூட்டம் விலகிக்கொண்டிருந்தது. அடியில் போடி, சிலமலை, அதற்கப்பால் தென்னந்தோப்புகள், இன்னும் அப்பால் அவனுடைய ராசிங்காபுரம், எல்லாம் ஒரு பாயை விரித்ததுபோலக் கிடந்தன. அந்தப் பாயில் வீட்டுக்கு வீடு கலை முழக்கம் நுழைந்திருந்தது. ஒரு கரகமும் ஒரு செத்துப்போன கதாநாயகனும் மலையேறி மாநில எல்லையையே தாண்டிவிட்டார்கள்! மக்களைக் குறைத்து எடைபோட்டுவிட்டோம் என்று நினைத்தான். கலைக்காக எத்தனை காலம் இந்த மலைச்சனம் ஏங்கிக் கிடந்திருக்கிறது!

விழா நாளும் வந்தது.

கதவைத் திறப்பதற்கு முன்பே கல்லூரி வாசலில் பஸ்சு நகர முடியவில்லை. ஜீப்பு ஜீப்பாக வந்து இறங்கினார்கள். நாற்காலிகள் நிறைந்தன. நடைபாதை நிறைந்தது. சன்னல் திண்டுகளில் கல்லூரி மாணவர்கள் தொற்றிக்கொண்டார்கள். முன்வரிசையில் வீரணனும் வெள்ளைச் சட்டைகளும். அவர்களுக்குப் பக்கத்தில் வெகு முன்னதாகவே வந்து இடம்பிடித்த, ஏலக்காய் பொறுக்கும் கிட்டங்கியில் வேலை பார்க்கும் முத்துப்பேச்சி. ஆறாவது வரிசையில் ஈஸ்வரனின் அம்மா.

வாசலில் மலைச்சாமி முதல் டிக்கெட்டை வாங்கிக் கிழிக்கப் போனான். டிக்கெட்டை நீட்டியவர் அலறினார்.

“கிழிச்சுப்புடாத அப்பு! கிழிச்சா அப்புறம் என்னத்துக்கு ஆகும்?”

பின்னால் நின்ற வரிசை முழுவதும் தத்தம் டிக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. ஈஸ்வரன் ஓடி வந்தான். “கிழிக்காத மாப்ளே,” என்றான் நெகிழ்ந்துபோய். “ஞாபகார்த்தமா வச்சுக்கிற ஆசப்படுறாங்க. காட்டினாப் போதும்.”

அந்த அரங்கத்தின் பண்பாட்டை எப்படிச் சொல்வது? தாமதமாக ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வந்தால்கூட அத்தனை பேரும் திரும்பிப் பார்த்து எழுந்து நின்றார்கள். அவர் டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே வந்ததும் ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இதே மரியாதை. சிறப்பு விருந்தினர், போன வருடம் வந்த அதே ஓய்வுபெற்ற அதிகாரி, வெறுங்கையை வீசிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது அரங்கமே அதிர்ந்தது. முன்வரிசைக்காரர்கள் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றார்கள். பின்வரிசைக்காரர்கள் நாற்காலி மேல் ஏறி வந்தார்கள். தொண்டர்கள் பிரித்தெடுத்து மேடையேற்றினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை கண்ணீரை.

ஆட்டம் நடந்தது. பாட்டு நடந்தது. கதாநாயகன் செத்தான். ஒருவர் எழுந்து போகவில்லை. ஒருவர் ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. நன்றியுரை வந்தது. நன்றியுரைக்கு அரங்கத்தில் ஆள் இருந்ததைத் தமிழ்நாடு அன்றுதான் கண்டது. பந்தல்காரரில் தொடங்கி மைக்செட்காரர் வரை நன்றி சொல்லப்பட்டதை, ஒரு சொல் விடாமல், நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

ஈஸ்வரன் மைக்கைப் பிடித்தான். “இத்துடன்... கலை முழக்கம்... இனிதே நிறைவடைகிறது.”

அரங்கம் எழுந்தது. ஒருவர் பாக்கியில்லாமல், முன்வரிசையும் பின்வரிசையும் சன்னல் திண்டுகளும், டிக்கெட்டுகளைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டின. நூற்றுக்கணக்கான பச்சைச் சீட்டுகள், மலைக்காற்றில் ஏலத் தோட்டம் அலையடிப்பதுபோல் அலையடித்தன. ஏதேதோ கூவினார்கள், ஆரவாரத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அவன் அம்மா இரண்டு கையிலும் ஆட்டினாள். மேடை ஓரத்தில் சுஜிதாகூடக் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து ஆட்டினாள். அவளையும் கலை வென்றுவிட்டதே என்று ஈஸ்வரனுக்குக் கண் நிறைந்தது.

முதல்வர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். “இம்மன்றம் வாழும்! இதற்குப் புதிய அறை வழங்கப்படும்! செயலாளர் ஈஸ்வரனின் பெயர் தங்க வண்ணத்தில் எழுதப்படும்!” என்று முழங்கிவிட்டு, உணர்ச்சி தாளாமல் மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் டிக்கெட்டை ஆட்டிக்கொண்டிருந்த முத்துப்பேச்சியிடம் மைக்கை நீட்டினார். அரங்கம் அடங்கியது.

“சொல்லுங்கள் தாயே! தங்களை இங்கே ஈர்த்து வந்தது எது?”

முத்துப்பேச்சி முதல்வரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

“ஆட்டம் பாட்டமெல்லாம் நல்லாத்தான்யா இருந்துச்சு. வாங்குற ஆளுகள எப்ப உள்ள விடுவீக? இங்க நிக்கிற அம்புட்டுப் பேரும் விக்க வந்தவுக.”